பெயர் சொல்லும் வெள்ளி: அமெரிக்க நாணய வெள்ளிக் கரண்டிகள்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நகரங்களில் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1860கள் வரை செய்யப்பட்ட வெள்ளிக் கரண்டிகளை, அவற்றைச் சேகரிப்போர் பொதுவாக ‘நாணய வெள்ளி’க் கரண்டிகள் என்று அழைக்கின்றனர். ஆயிரம் பங்கில் ஏறக்குறைய 900 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாக அமைந்த இந்தக் கலவை, இங்கிலாந்தில் சட்டப்படி வழங்கிய 925 பங்கு ‘ஸ்டெர்லிங்’ வெள்ளியைவிடச் சற்றே மாற்றுக் குறைந்தது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு மாற்றில் இல்லை. அந்த மாற்றுக்கு யார் பொறுப்பேற்றார் என்பதில் இருக்கிறது. லண்டனில் ஒரு கொல்லர் செய்த கரண்டி, பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்குச் சென்று, சோதிக்கப்பட்டு, நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஆகிய முத்திரைகளைப் பெற்ற பின்னரே விற்பனைக்கு வரலாம். பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ அப்படியொரு மண்டபம் இருந்ததில்லை. அங்கே கரண்டியின் காம்புக்குப் பின்புறம் இருந்தது, செய்தவர் தம் பெயரை அல்லது பெயரின் முதலெழுத்துகளை அடித்த ஒரே ஒரு முத்திரைதான். அந்தப் பெயர் எதற்கு உறுதி தருகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஆராய்வதிலேயே இச்சேகரிப்பின் அறிவுப் பயன் அடங்கியிருக்கிறது.

குடியேற்றக் காலத்தில் வட அமெரிக்கக் கரையில் வெள்ளிச் சுரங்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு உப்பிட்ட மீன், மரம், மாவு முதலியவற்றை ஏற்றி அனுப்பிய வணிகர்கள், மெக்சிகோவிலும் பொட்டோசியிலும் அச்சிடப்பட்ட ஸ்பானிய வெள்ளி நாணயங்களைப் பெற்றுத் திரும்பினர். பணத்தைப் பாதுகாப்பாகப் போட்டுவைக்க வங்கிகள் இல்லாத அந்நாளில், கையில் சேர்ந்த நாணயத்தைக் கொல்லரிடம் கொடுத்துப் பாத்திரமாகவோ கரண்டியாகவோ மாற்றிக்கொள்வது சேமிப்பின் ஒரு வழியாக இருந்தது. நாணயங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் திருடு போனால் அடையாளம் காட்ட இயலாது. பெயரெழுத்துப் பொறித்த கரண்டியை அடையாளம் காட்டலாம், செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கலாம், தேவை நேர்ந்தால் மறுபடியும் உருக்கிப் பணமாக்கலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நகையைப் பார்த்த பார்வையும் ஏறத்தாழ இதுவே என்பதால், இந்தத் தர்க்கத்துக்கு இங்கே விளக்கம் அதிகம் வேண்டியதில்லை.

நாணயத்துக்கும் கரண்டிக்கும் இடையிலான இந்த நெருக்கம், தொழில் செய்தவர்களின் வாழ்க்கையிலேயே பதிந்துள்ளது. 1652இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் தனக்கென்று ஒரு நாணயச் சாலை அமைத்தபோது, அதை நடத்தும் பொறுப்பு ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரு வெள்ளிக் கொல்லர்களிடம் தரப்பட்டது. பைன் மர உருவம் பொறித்த ஷில்லிங் நாணயங்களும் குடியேற்றத்தின் மிகப் பழைய வெள்ளிப் பொருட்களும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன. இதே திறமை எதிர்த்திசையிலும் ஓடியது. ரோட் தீவைச் சேர்ந்த சாமுவேல் கேசி என்ற பெயர்பெற்ற வெள்ளிக் கொல்லர், கள்ள நாணயம் அடித்த குற்றத்துக்காக 1770இல் பிடிபட்டு மரண தண்டனைக்கு ஆளானார். முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் சிறையை உடைத்து அவரை விடுவித்தது. அவருடைய முத்திரை கொண்ட கரண்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் மதிப்புடன் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

எல்லா நாணய வெள்ளிக் கரண்டியும் 900 மாற்று என்று கொள்வது பிழை. ஸ்பானிய அரசு 1728இலும் 1772இலும் தன் நாணயத்தின் மாற்றைக் குறைத்தது. அதற்கு முன் அடிக்கப்பட்ட நாணயத்தை உருக்கியவரின் வெள்ளி இங்கிலாந்தின் தரத்துக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோகூட இருந்திருக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி 1792இல் இயற்றிய நாணயச் சட்டம் வெள்ளி டாலரின் மொத்த எடையை 416 கிரெயின் என்றும், அதில் தூய வெள்ளியை 371.25 கிரெயின் என்றும் வகுத்தது. இது ஏறக்குறைய 892 மாற்றாகும். 1837இல் தூய வெள்ளியின் அளவை மாற்றாமல் மொத்த எடையை மட்டும் 412.5 கிரெயினாகக் குறைத்தபோதுதான் 900 என்ற முழு எண் வந்தது. ஸ்பானிய நாணயங்களும் 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாயின. ஆகவே, பட்டறையின் உருக்குக் குகைக்குள் சென்ற வெள்ளி, பல நாடுகளின் நாணயமும் உடைந்த பழைய பாத்திரமும் கலந்த ஒன்று. அதன் மாற்று கொல்லரின் கண்ணையும் உரைகல்லையும் மனச்சாட்சியையும் பொறுத்தே நின்றது.

இந்தப் பொதுநிலைக்குக் குறிப்பிடத்தக்க ஒரு விதிவிலக்கு பால்டிமோர் நகரம். மேரிலாந்து மாநிலம் 1814இல் இயற்றிய சட்டத்தின்படி, அங்கே விற்கப்படும் வெள்ளி அரசு சோதனையாளர் ஒருவரால் சோதிக்கப்பட்டு, நகரின் சின்னமும் ஆண்டெழுத்தும் பெற வேண்டும் என்றானது. 12 அவுன்சுக்கு 11 அவுன்சு, அதாவது சுமார் 917 மாற்று என்பது அளவுகோல். கொல்லர்களுக்கு இந்த ஏற்பாடு உவப்பாக இல்லை. 1830இல் அது கைவிடப்பட்டு, கொல்லர் தாமே மாற்றைக் குறித்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. அதன்பின் சாமுவேல் கிர்க் போன்றோரின் பொருட்களில் ‘11 அவுன்சு’ என்றோ, 10 அவுன்சு 15 பென்னிவெயிட் என்ற அளவைக் குறிக்கும் ‘10.15’ என்றோ எண் முத்திரை காணப்படுகிறது. இரண்டாவது சுமார் 896 மாற்றைக் குறிக்கும். பதினாறே ஆண்டு நிலைத்த ஓர் அரசு ஏற்பாடு, அக்காலப் பால்டிமோர்க் கரண்டிகளை ஆண்டு வரை துல்லியமாகக் கணிக்க உதவுகிறது என்பதைக் கருதும்போது, மற்ற நகரங்களில் அது இல்லாமற்போனதன் இழப்பு தெரிகிறது.

பழைய முறையில் ஒரு கரண்டி உருவான விதத்தை அறிந்தால்தான் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது பொருளுடையதாகும். உருக்கிய வெள்ளியைக் கட்டியாக வார்த்து, பட்டடைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து நீட்டுவர். அடிக்க அடிக்க வெள்ளி விறைத்து வெடிக்கும் நிலைக்கு வருமாதலால், இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். காம்பின் நீளம், கழுத்தின் தடிப்பு, குழிக்கு வேண்டிய அகலம் எல்லாம் இந்தத் தட்டையான நிலையிலேயே தீர்மானமாகிவிடும். பின்னர் அகன்ற முனையை ஈயப் பாளத்தின்மேல் வைத்து, கரண்டிக் குழியின் வடிவில் செய்த எஃகு அச்சை அதன்மேல் நிறுத்தி ஓங்கி அடித்தால், கீழே ஈயம் இடங்கொடுக்க, குழி பிறக்கும். கடைசியில் அரத்தால் ஓரம் நேராக்கி, மெருகு ஏற்றுவர். நல்ல கையால் செய்த கரண்டியில், குழியும் காம்பும் சேரும் கழுத்தில் வெள்ளி தடித்தும் காம்பின் நடுவே மெலிந்தும் இருக்கும். விரல்களுக்கிடையே வைத்து உருட்டினால் அந்த ஏற்ற இறக்கம் தெரியும். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த பிற்காலக் கரண்டியில் தடிப்பு ஒரே சீராக ஓடும்.

முத்திரை தேய்ந்துபோன கரண்டியின் காலத்தை வடிவமே சொல்லிவிடும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் காம்பின் முனை மூன்று பிளவாக அமைந்தது. 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அலைபோல் நெளிந்தது. அக்காலக் கரண்டிகளின் குழிக்குப் பின்புறம், கழுத்திலிருந்து இறங்கும் எலிவால் போன்ற ஒரு முகடு, வலுவுக்காகவும் அழகுக்காகவும் விடப்பட்டது. 1720களுக்குப் பின் காம்பு முனை உருண்டு, மேல்நோக்கி வளைந்து, நடுவில் மெல்லிய தண்டுடன் வந்தது. எலிவால் சுருங்கி ஒரு துளியாகவோ இரட்டைத் துளியாகவோ மாறியது. 1760களிலிருந்து காம்பு முனை கீழ்நோக்கி வளையத் தொடங்கியது. இந்தத் திருப்பம் மேசைப் பழக்கத்தோடு தொடர்புடையது: முன்னர் குழி கவிழ்ந்த நிலையில் கரண்டியை மேசையில் வைத்தனர், ஆகவே பெயரெழுத்தும் அலங்காரமும் பின்புறம் இருந்தன, பின்னர் குழி மேல்நோக்கி வைக்கும் வழக்கம் பரவ, பெயரெழுத்து முன்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. 1780களிலும் 1790களிலும், உளிமுனையைச் சாய்த்துச் சிறு சிறு பட்டைகளாக வெட்டி, ஒளி படும்போது மின்னும்படி செய்யும் செதுக்கு வேலை புகழ்பெற்றது. 1800ஐ ஒட்டி, காம்பு முனையின் மூலைகள் வெட்டப்பட்டு, சவப்பெட்டியின் கோண வடிவை நினைவூட்டும் கரண்டிகள் வந்தன. ஐரோப்பாவில் அதிகம் காணப்படாத இந்த வடிவம் அமெரிக்காவுக்கே உரியது என்று சொல்லத்தக்கது. 1810களுக்குப் பின் ஃபிடில் வாத்தியத்தின் தோள்போல அகன்ற காம்பு நிலைபெற்று, 1820களிலும் 1830களிலும் அதன்மேல் பூக்கூடையோ கோதுமைக் கதிர்க்கட்டோ அச்சால் பதிக்கப்பட்டது.

இவற்றுள் தனிக் கவனத்துக்குரியவை, குழியின் பின்புறத்தில் படம் பதித்த கரண்டிகள். சிப்பி, பறவை, இலைக்கொத்து எனப் பல உருவங்கள் உண்டு. பிலடெல்பியாவின் ரிச்சர்ட்சன் குடும்பத்தார் செய்த சில கரண்டிகளில், ஒலிவக் கிளையைக் கவ்விய புறா காணப்படுகிறது. ஒரே அச்சால் பதிக்கப்பட்ட உருவத்தை இரு கொல்லர்களின் கரண்டிகளில் ஒப்பிட்டுக் காணும்போது, அச்சு கைமாறியதா, ஒருவர் மற்றவருக்குச் செய்து கொடுத்தாரா என்ற கேள்வி எழுகிறது. இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடத் தேநீர்க் கரண்டியே போதும், பெரிய கூசா வேண்டியதில்லை.

கைவேலைக் காலத்தின் முத்திரை ஓரளவு நேர்மையாகப் பேசுகிறது. பாஸ்டனின் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் 1761 முதல் 1797 வரை எழுதிய கணக்கேடுகள் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வெள்ளியின் எடைக்கு ஒரு தொகையும் செய்கூலிக்குத் தனியாக ஒரு தொகையும் குறித்து, வாடிக்கையாளர் கொண்டுவந்த பழைய வெள்ளியைக் கழித்துக்கொண்ட விதத்தை அவற்றில் காணலாம். 1768இல் அவர் செய்த ‘விடுதலைக் கிண்ணம்’ பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய பொருளானாலும், பட்டறையின் அடுப்பை அணையாமல் காத்தவை கரண்டி போன்ற சிறு பொருட்களே என்பதை அந்த ஏடுகள் காட்டுகின்றன. விடுதலைப் போருக்குப் பின் அவர் தகடு இழுக்கும் உருளை இயந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும், கட்டியை அடித்து நீட்டும் உழைப்பு குறைந்து கரண்டி உற்பத்தி பெருகியது.

1820களிலிருந்து முத்திரையின் பொருளே மாறிப்போகிறது. நியூயார்க்கின் வில்லியம் கேல் 1826இல், உருவம் வெட்டிய உருளைகளுக்கிடையே வெள்ளியைச் செலுத்திக் கரண்டி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிராவிடன்ஸ் நகரில் ஜேபஸ் கோரம் 1831இல் ஹென்றி வெப்ஸ்டருடன் சேர்ந்து கரண்டி செய்யத் தொடங்கினார். அந்தச் சிறு பட்டறையே பின்னர் நாட்டின் மிகப்பெரிய வெள்ளி நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1842ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதியான வெள்ளிப் பொருட்கள்மீது 30 விழுக்காடு வரி விதித்து, உள்நாட்டுத் தொழிலுக்கு அரணானது. 1844இல் மைக்கேல் கிப்னி ஒரு கரண்டி வடிவத்துக்கே வடிவமைப்புக் காப்புரிமை பெற்றார். இந்த மொத்த உற்பத்தியாளர்களிடம் பெருங்கணக்கில் வாங்கி, தம் பெயரை அடித்து விற்றவர்கள் சிற்றூர்களின் கடிகாரக் கடைக்காரர்களும் நகைக் கடைக்காரர்களும் ஆவர். ஓஹாயோவிலோ வெர்மான்டிலோ ஓர் ஊர்ப் பெயருடன் சேர்ந்து காணப்படும் முத்திரை, பல வேளைகளில், சுத்தியலையே தொடாத ஒருவருடையதாக இருக்கலாம்.

‘காயின்’, ‘ப்யூர் காயின்’, ‘டாலர்’, ‘ஸ்டாண்டர்ட்’ போன்ற சொற்கள் கரண்டியில் ஏறத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே முகப்பழக்கம் அற்றுப்போன சந்தையில், ஊரறிந்த பெயர் தந்த உறுதியின் இடத்தை ஒரு சொல் நிரப்ப வேண்டியிருந்தது. 1840களில் மின்முலாம் பூசிய மலிவுக் கரண்டிகள் கடைகளில் குவிந்தபோது அந்தத் தேவை இன்னும் கூடியது. ‘காயின்’ என்று பொறித்த கரண்டியைப் பார்த்ததும், ஒரு குடும்பம் தன் டாலர்களைக் கொண்டுபோய் உருக்கிச் செய்தது என்று கதை சொல்வது விற்பனையாளர் வழக்கம். அந்தக் கதை 18ஆம் நூற்றாண்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால், அக்காலக் கரண்டிகளில் அந்தச் சொல் இராது. சொல் இருக்கும் காலத்துக்கோ கதை பெரும்பாலும் பொருந்தாது. டிஃபனி நிறுவனம் 1851இலும் கோரம் 1868இலும் ஸ்டெர்லிங் தரத்தை ஏற்றுக்கொண்ட பின், நாணய வெள்ளியின் காலம் மெல்ல முடிந்தது. ‘காயின்’ என்றால் 900, ‘ஸ்டெர்லிங்’ என்றால் 925 என்று கூட்டாட்சிச் சட்டம் வரையறுத்தது 1906இல்தான்; அதாவது நாணய வெள்ளித் தொழில் ஏறக்குறைய மறைந்த பிறகு.

முத்திரை வாசிப்பில் புதியவர்களை அதிகம் தடுமாறச் செய்வது போலி அரசு முத்திரை. சிங்கம், கழுகு, நட்சத்திரம், மனிதத் தலை, ஏதோ ஓர் எழுத்து என்று ஆங்கில முத்திரைகளின் சாயலில் அடிக்கப்பட்ட இவற்றுக்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை; வாங்குபவர் கண்ணுக்குப் பழகிய தோற்றத்தைத் தருவதே நோக்கம். நியூயார்க்கின் ஆல்பர்ட் கோல்ஸ் பயன்படுத்திய கழுகு, தலை, ‘சி’ எழுத்து ஆகிய மூன்றும் இவ்வகையின. கான்டன் துறைமுகத்துச் சீனக் கொல்லர்களும், அமெரிக்கக் கப்பல் வணிகர்களுக்காக ஃபிடில் வடிவக் கரண்டிகளைச் செய்து, இதே போன்ற முத்திரைகளை அடித்தனர். கட்ஷிங் போன்ற பட்டறைகளின் இப்பொருட்கள் நெடுங்காலம் ஆங்கிலேயருடையவையாகவோ அமெரிக்கருடையவையாகவோ கருதப்பட்டு வந்தன. அவை தனித்த ஒரு மரபு என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆய்வுகளால்தான் பரவலாகத் தெளிவானது.

பெயர் மறைக்கும் இன்னொன்று உண்டு. அதைச் சேகரிப்பு நூல்கள் நெடுங்காலம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. சார்ல்ஸ்டன் போன்ற தென்னக நகரங்களின் வெள்ளிப் பட்டறைகளில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர் தேர்ந்த தொழிலாளராக உழைத்தனர். அவர்கள் கைப்பட்ட கரண்டியில் பட்டறை உரிமையாளரின் பெயரே நிற்கிறது. இந்தப் பின்னணியில் பீட்டர் பென்ட்சனின் முத்திரை தனி எடை பெறுகிறது. 1783ஐ ஒட்டி டேனிஷ் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவில் பிறந்து, பிலடெல்பியாவில் தொழில் கற்று, அந்நகரிலும் செயின்ட் குரோய் தீவின் கிறிஸ்டியன்ஸ்டெட்டிலும் பட்டறை நடத்திய அவர், சுதந்திரமாக வாழ்ந்த ஆப்பிரிக்க வழிவந்த கொல்லர். அக்கால அமெரிக்க வெள்ளிக் கொல்லருள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று அறியப்பட்டு, முத்திரையும் அடையாளம் காணப்பட்டவர் மிக அரிது; அவருள் முதன்மையானவர் பென்ட்சன்.

பெயருக்கு விலை இருக்கும் இடத்தில் பொய்ப் பெயரும் வரும். ரெவியரின் முத்திரை பல முறை போலியாகச் செய்யப்பட்டுள்ளது. தனி அச்சு செய்து பழைய பெயரற்ற கரண்டியில் அடிப்பது ஒரு வழி. உடைந்த உண்மைக் கரண்டியிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டியெடுத்து வேறொன்றில் பற்றாசு வைத்துப் பொருத்துவது இன்னொரு வழி. அடித்த முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் வந்த முத்திரையின் ஓரம் மழுங்கி, உள்ளே நுண்ணிய புள்ளிக்குழிகள் தெரியும். பற்றவைத்த இடத்தின்மேல் வாயால் ஆவி ஊதினால், பனிபோல் படியும் ஈரத்தில் இணைப்புக் கோடு ஒரு கணம் துலங்கும். அழித்த பெயரெழுத்தின் சுவடும் சில வேளை அவ்வாறே வெளிப்படும். தேய்மானமும் சான்று தரும். வலக்கையால் பல்லாண்டு பாத்திரத்தைச் சுரண்டிய கரண்டியின் நுனி, காம்பு பார்ப்பவர் பக்கம் இருக்கையில், இடப்புறம் சரிந்து தேய்ந்திருக்கும். நுனி சமச்சீராக இருந்து நீளம் மட்டும் குறைந்திருந்தால், யாரோ அரத்தால் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் பொருளைச் சிதைக்காமலே கலவையை அளக்கலாம். பழைய முறையில் சுத்திகரித்த வெள்ளியில் தங்கமும் ஈயமும் சிறு அளவில் எஞ்சியிருக்கும். மின்பகுப்பால் சுத்திகரித்த நவீன வெள்ளியில் அவை ஏறக்குறைய இரா. இந்த வேறுபாடு பல போலிகளைக் காட்டிக்கொடுத்துள்ளது. எனினும் இம்முறை மேற்பரப்பை மட்டுமே காண்பதாலும், அமிலத்தில் ஊறிய வெள்ளியின் மேற்பரப்பில் செம்பு கரைந்து வெள்ளியின் விகிதம் உயர்ந்திருக்கும் என்பதாலும், கருவி காட்டும் எண்ணை அப்படியே கரண்டியின் மாற்று என்று எழுதிவிட இயலாது. டெலவேரின் விண்டர்தூர் அருங்காட்சியகம் இவ்வகைச் சோதனையில் முன்னோடி. பெரும்பாலும் கரண்டிகளால் ஆன இனேசன்–பிசெல் தொகுப்பும் அங்கேதான் உள்ளது. அதன் முத்திரைகளைப் படங்களுடன் தொகுத்து லூயிஸ் கான்வே பெல்டன் 1980இல் வெளியிட்ட நூல், இத்துறையில் கைவிளக்காக நிற்கிறது. ஆயிரக்கணக்கான சாதாரணக் கரண்டிகளை ஒருவர் பொறுமையாகச் சேர்த்து வைத்ததால்தான் அப்படியொரு நூல் எழுத முடிந்தது.

அந்நூல் வெளியான அதே 1980இல்தான் நாணய வெள்ளிக் கரண்டிகளுக்குப் பேரழிவும் நேர்ந்தது. அமெரிக்கச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்களின் பெருங்கொள்முதலால் வெள்ளி விலை அந்த ஜனவரியில் அவுன்சுக்கு ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது. சுமார் அரை அவுன்சு எடையுள்ள ஒரு தேக்கரண்டிக்குப் பழம்பொருள் கடையில் கிடைத்ததைவிட உருக்கு உலையில் அதிகம் கிடைத்ததால், எண்ணற்ற கரண்டிகள் முத்திரையோடும் பெயரெழுத்தோடும் உலைக்குள் போயின. ரெவியர் கரண்டிகளுக்கு ஆபத்து இல்லை. அழிந்தவை பெரும்பாலும், சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் அங்கே வாழ்ந்தார், விற்றார் என்பதற்கு எஞ்சியிருந்த சான்றுகள்.

எஞ்சியவற்றிலும் வேறொரு வகையில் இழப்பு தொடர்கிறது. ஆறு ஆறாகத் திருமணத்துக்குச் செய்த கரண்டிகள் வாரிசுகளிடையே பிரிந்து போயின. 18ஆம் நூற்றாண்டில் குடும்பப் பெயரின் முதலெழுத்தை மேலேயும், கணவன் மனைவி இருவரின் பெயரெழுத்துகளைக் கீழே இருபுறமும் முக்கோணமாகப் பொறிப்பது வழக்கம். ‘ஜே’ எழுத்தின் இடத்தில் ‘ஐ’ எழுத்தே பொறிக்கப்பட்டது. இறந்தவரின் சொத்துப் பட்டியல்களில் வெள்ளிக் கரண்டிகள் எண்ணிக்கையும் எடையுமாக எழுதப்பட்டுள்ளன. முக்கோண எழுத்துகள், முத்திரை, எடை மூன்றும் இருந்தால், பிரிந்துபோன கரண்டிகளை ஒன்றோடொன்று இணைக்கவும், அவற்றை ஒரு குறிப்பிட்ட வீட்டின் பட்டியலோடு பொருத்தவும் வழி உண்டு. பெண்ணின் பெயர் அவள் சொத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும், வேறொருவர் பெயரெழுத்து இருப்பதால் விற்பனை தடைப்படும் என்று கருதி, அதைச் சுரண்டி மெருகேற்றி விற்கும் வழக்கம் பழம்பொருள் சந்தையில் இன்றும் நிற்கவில்லை. அப்படி மெலிந்த காம்பை விரலால் அழுத்தினால், எழுத்து இருந்த இடத்தில் வெள்ளி தகடுபோல வளைந்து கொடுக்கும்.